‘ஓகே’ சொல்வதற்கு முன் அந்த இலக்கத்துக்கு ஒருமுறை அழைத்துப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில். இந்த முறை கடைக்கும் தொழிலுக்கும் அச்சடிக்கக் கொடுப்பது பற்றி வந்த கேள்விகள். அட்டனில் ஓர் அச்சகத்தில் 26 வருடமாகப் புரூவ் (அச்சடிக்கும் முன் சரிபார்க்கும் மாதிரி) பார்த்துவரும் அக்கா பதில் எழுதுகிறார்.

கேள்வி: அக்கா, நான் நானுஓயாவில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்கிறேன். ஐம்பது பில் புத்தகம் அடித்தேன். கையில் வந்த பிறகுதான் பார்த்தேன், கைப்பேசி இலக்கத்தில் கடைசி இரண்டு எண்ணும் இடம் மாறிக் கிடக்கிறது. பிரஸ்ஸில் கேட்டால், “வாட்ஸ்அப்பில் அனுப்பினோம், நீங்கள் ஓகே போட்டீர்கள்” என்கிறார்கள். லொறியில் லோட் ஏற்றிக்கொண்டு நின்ற நேரத்தில் ஓகே போட்டது உண்மைதான். நட்டம் யாருடையது?

தம்பி, கேட்கக் கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். புரூவில் இருந்தபடியே அச்சாகியிருந்தால் பொறுப்பு ஓகே சொன்னவருடையது. புரூவில் சரியாக இருந்து அச்சில் மாறியிருந்தால் பிரஸ் தன் செலவில் திரும்ப அடித்துத் தர வேண்டும். எங்கள் தொழிலில் நடைமுறை இதுதான். ஆகவே முதலில் வாட்ஸ்அப்பில் மேலே போய் அந்தப் புரூவ் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அதற்கும் மேலே போய், நீங்கள் முதன்முதல் எழுதி அனுப்பிய இலக்கத்தையும் பாருங்கள். நீங்கள் சரியாக எழுதிக் கொடுத்திருந்தால், அவர்கள் தட்டும்போதுதான் மாறியிருக்கிறது. அப்படியானால் நேரில் போய் ஆறுதலாகப் பேசுங்கள். பாதிப் பாதி என்று முடிக்கலாம். நாங்களும் அப்படி முடித்துக் கொடுத்திருக்கிறோம்.

ஐம்பது புத்தகத்தையும் எறிந்துவிடத் தேவையில்லை. சரியான இலக்கத்தோடு சின்னதாக ஒரு ரப்பர் சீல் செய்யுங்கள். பிழையான இலக்கத்தின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் சீல். வாடிக்கையாளர் கையில் போகிற மேல் தாளில் மட்டும் குத்தினால் போதும். ஆனால் கோட்டை மறந்துவிட வேண்டாம். அந்தப் பிழை இலக்கத்துக்கும் எங்கோ ஒரு சொந்தக்காரர் இருப்பார். விடியற்காலை மூன்று மணிக்கு லீக்ஸ் விலை கேட்டு அவருக்கு அழைப்புப் போகக் கூடாது.

இதை நான் வெளியே நின்றுகொண்டு சொல்லவில்லை. 2011இல் என் தம்பி டிக்கோயாவில் தையல் கடை போட்டான். அவனுடைய கார்டுக்கு எழுத்துக் கோத்ததும் நான், புரூவ் பார்த்ததும் நான். 500 கார்ட். கடை திறப்பதற்கு முதல்நாள் இரவு ஒரு கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, “அக்கா, கடைசியில நாப்பத்தேழு தானே?” என்று கேட்டான். கார்டில் 74 இருந்தது. அந்த இலக்கம் எனக்கு மனப்பாடம். அதனால்தான் தப்பியது. மனப்பாடமாகிவிட்டதைக் கண் வாசிப்பதில்லை, மனம் சொல்வதைக் கேட்டுக்கொண்டே தாண்டிப் போய்விடுகிறது. அம்மா, தம்பி, நான், மூன்று பேரும் அடுப்படியில் உட்கார்ந்து கறுப்புப் பேனையால் திருத்தப் பார்த்தோம். பளபளப்பு மட்டையில் போல்பொயின்ட் மை பிடிக்கவில்லை. விரல் பட்ட இடமெல்லாம் இழுபட்டது. பதினோராவது கார்டோடு தம்பி, “விடுங்கக்கா” என்று எழுந்து போனான். அவன் ஒரு வார்த்தை கோபமாகப் பேசியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

அன்றிலிருந்து நான் விடாமல் செய்வது இது. புரூவைத் திரையில் பார்க்க மாட்டேன். அச்சாகப்போகும் அதே அளவில் கடதாசியில் எடுத்துப் பார்ப்பேன். தொலைபேசி இலக்கத்தைக் கடைசி எண்ணிலிருந்து முன்னோக்கி வாசிப்பேன். பிறகு, அந்தக் கடைக்காரரை அறியாத ஒருவரிடம் தாளைக் கொடுத்து, தாளைப் பார்த்து அந்த இலக்கத்துக்கு அழைக்கச் சொல்வேன். மணி யாருடைய சட்டைப்பையில் அடிக்கிறது என்று பார்த்தால் போதும். நீங்களும் இதைச் செய்யலாம், ஒரு நிமிட வேலை. இரவில் புரூவ் வந்தால் காலையில் பாருங்கள். சரியென்றால் தாளிலேயே திகதி போட்டுக் கையெழுத்து வைத்து, ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துக் கார்டில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் இருக்கும். ஒரே ஆள் மூன்றையும் பார்த்துச் சரி என்று சொல்லக் கூடாது. சிங்கள வரியைச் சிங்களம் வாசித்து வளர்ந்த ஒருவர் பார்க்க வேண்டும். தமிழ் தெரியாத இடத்தில் அடிக்கக் கொடுத்தால், தமிழ் வரியை நீங்கள்தான் எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும். புள்ளி விழுந்து ‘அட்டன்’ என்பது ‘அடடன’ ஆகியும், கொம்பு பிரிந்து ‘கொட்டகலை’ என்பது ‘ெகாட்டகலை’ ஆகியும் பெயர்ப்பலகை ஏறியிருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பார்த்துப் பழகிவிட்டோம் என்பதுதான் எனக்கு வேதனை.

கேள்வி: நுவரெலியாவில் வீட்டில் ஸ்ட்ரோபரி ஜாம் செய்து கடைகளுக்குப் போடுகிறேன் அக்கா. லேபிளை என் அக்கா மகன் கைப்பேசியில் அழகாகச் செய்து தந்தான். அச்சாகி வந்தபோது சிவப்பு மங்கல், எங்கள் லோகோ கலங்கல், தமிழ்ப் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் குறியுமாக ஏதோ. ஃபிரிட்ஜில் வைத்த போத்தலில் லேபிள் உரிந்தும் வருகிறது. எங்கே பிழை?

தங்கச்சி, நான்கு இடத்தில்.

தமிழ் எழுத்திலிருந்து தொடங்குகிறேன், அதுதான் சுலபம். இலங்கையில் இன்னமும் நிறையப் பேர் பாமினி எழுத்துருவில்தான் தட்டுகிறார்கள். பாமினி கணினியைப் பொறுத்தவரை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்த எழுத்துரு. அது இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் அடியில் கிடக்கும் ஆங்கில எழுத்துகள் வெளியே வந்துவிடும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோடில் தட்டினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. எதில் தட்டினாலும், எழுத்துரு உள்ளே பதிந்த பிடிஎஃப் ஆகக் கொடுங்கள், அல்லது எழுத்தைக் கோட்டு வடிவமாக மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். கூடவே சரியான பெயரைக் கையால் ஒரு துண்டில் எழுதிப் படம் எடுத்து அனுப்புங்கள். எழுத்துக் கோப்பவருக்கு அந்தத் துண்டு பெரிய உதவி.

லோகோ கலங்கியதற்கு வாட்ஸ்அப் காரணமாக இருக்கும். படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். ‘டொகியுமென்ட்’ ஆக அனுப்புங்கள். நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 600 புள்ளி அகலமுள்ள லோகோ இரண்டு அங்குலம்வரைதான் தாங்கும். அதை நான்கு அங்குலத்துக்கு இழுத்தால் கலங்காமல் என்ன செய்யும்?

நிறத்தில் உங்கள் அக்கா மகன் மேல் பிழையே இல்லை. கைப்பேசித் திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது. நாங்கள் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையால் கடதாசியில் காட்டுகிறோம். திரையில் மின்னுகிற சில பச்சையும் நீலமும் செம்மஞ்சளும் மையில் வரவே வராது. உங்களுக்கு நிறம் முக்கியம் என்றால், முழுவதையும் அடிக்கும் முன் அதே ஸ்டிக்கர் தாளில் ஒன்றே ஒன்று எடுத்துத் தரச் சொல்லுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம். அதை ஒரு போத்தலில் ஒட்டி, ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைத்து, வெளியே எடுத்து வேர்க்க விடுங்கள். சாதாரணக் கடதாசி ஸ்டிக்கர் என்றால் அங்கேயே தெரிந்துவிடும். ஈரம் படும் போத்தலுக்குப் பிளாஸ்டிக் வகை ஸ்டிக்கர்தான் வேண்டும். ஊறுகாய், மிளகாய்ப் பேஸ்ட் செய்பவர்களுக்கும் அதுவே, எண்ணெய் ஊறினால் கடதாசி கண்ணாடி மாதிரி ஆகிவிடும்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. திகதி, தொகுதி (பேட்ச்) இலக்கம், விலை மூன்றையும் அச்சில் சேர்த்துவிடாதீர்கள். அவற்றுக்கு வெற்றிடம் விட்டு, ஒவ்வொரு முறையும் சீல் குத்துங்கள். சீனி விலை ஏறினால் உங்கள் விலையும் ஏறும், 2,000 லேபிளும் வீணாகும். அந்த வெற்றிடத்தின் மேல் லெமினேட் (மேலே ஒட்டும் பிளாஸ்டிக் படலம்) வரக் கூடாது என்று சொல்லி வையுங்கள், லெமினேட்டில் சாதாரண சீல் மை காயாது, துடைத்தால் போய்விடும். திகதி அழிந்த போத்தலைக் கடைக்காரர் திருப்பி அனுப்புவார். லேபிளில் என்னென்ன, எந்த மொழியில் இருக்க வேண்டும் என்று உணவு லேபிளுக்குத் தனி ஒழுங்குவிதிகள் உண்டு. புரூவ் கையில் இருக்கும்போதே உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டுங்கள். அச்சான பிறகு காட்டிப் பயனில்லை.

கேள்வி: பண்டாரவளையில் ஹார்ட்வெயார் வைத்திருக்கிறேன். புதிதாகப் பில் புத்தகமும் லெட்டர்ஹெட்டும் அடிக்க வேண்டும். கவனிக்க வேண்டியது என்ன?

ஐயா, பழைய பில் புத்தகம் ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். வாயால் சொல்வதைவிட அது நூறு மடங்கு தெளிவு. கடைசி பில் இலக்கத்தைக் குறித்துக் கொடுத்து அடுத்த இலக்கத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். ஒரு புத்தகத்தில் எத்தனை செட், ஒரு செட்டில் எத்தனை பிரதி, எந்த நிறத் தாள் யாருக்கு, எந்தத் தாள் கிழிபடும், எது புத்தகத்திலேயே நிற்கும், எல்லாவற்றையும் ஓடரில் எழுதுங்கள். கார்பன் இல்லாமல் பதியும் தாள் என்றால், செட்டுக்கு அடியில் வைக்க ஒரு மட்டை வேண்டும். அது இல்லாவிட்டால் இன்றைய பில் நாளைய பில்லிலும் பதியும்.

வற் (பெறுமதி சேர் வரி) பதிவு உள்ள கடை என்றால் பதிவு இலக்கத்தை அச்சில் போடுங்கள். வீதத்தைப் போடாதீர்கள். 2019 டிசம்பரில் 15 வீதம் 8 ஆகியது. 2022 ஜூனில் 12. அதே வருடம் செப்டம்பரில் மறுபடி 15. 2024 ஜனவரியில் 18. ஒவ்வொரு முறையும் வீதம் அச்சிட்ட புத்தகங்களைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து, “இதை என்ன செய்யலாம்” என்று கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ‘வற் ........%’ என்று புள்ளிக் கோடு விட்டால் முடிந்தது. பதிவு இல்லாத கடைக்காரர் வற் வரி தனியாகக் காட்டும் பில் அடிக்கவே கூடாது.

கம்பனியாகப் பதிந்திருந்தால், பதிவில் உள்ள முழுப் பெயரும் கம்பனிப் பதிவு இலக்கமும் கடிதத்திலும் விலைப்பட்டியலிலும் பற்றுச்சீட்டிலும் இருக்க வேண்டும். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் அப்படிச் சொல்கிறது. பலகையில் போடும் சுருக்கப் பெயர் அங்கே போதாது.

லெட்டர்ஹெட்டை நீங்கள் லேசர் பிரிண்டரில் ஓட்டப்போகிறீர்களா, இங்க் பிரிண்டரிலா என்று பிரஸ்ஸில் சொல்லுங்கள். லேசர் பிரிண்டருக்குள் தாள் சூடாகும். டோனரில் (பொடி மையில்) அச்சான தலைப்பு அந்தச் சூட்டில் இளகி ஒட்டலாம், அதற்குப் பிளேட் செய்து மையால் அடிக்கும் ஓப்செட் அச்சுத்தான் நல்லது. இங்க் பிரிண்டருக்கு அச்சகத்துப் பளபளப்புத் தாள் ஆகாது. தாள் 100 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருந்தால் கையில் எடுக்கும்போதே கடிதம் என்று தெரியும். கொப்பிக் கடையில் ஓடும் தாள் 80.

கேள்வி: நான் பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறேன். வயரிங் வேலை படித்து முடித்துச் சொந்தமாகத் தொடங்கியிருக்கிறேன். விசிட்டிங் கார்டில் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) முகவரியைப் போட்டால் மதிப்பார்களா? டவுனில் நண்பனுடைய கடை முகவரியைப் போடலாமா?

தம்பி, இந்தக் கேள்வியை மூன்று முறை வாசித்தேன். நானும் லயத்தில் பிறந்தவள். எங்களுக்கு வந்த கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குப் போய், அங்கே கிடந்து, யாராவது கொண்டுவந்தால்தான் கையில் கிடைக்கும். வீட்டுக்கென்று ஓர் இலக்கம் இல்லாததால் நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம் திகதி முடிந்து வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். உங்கள் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு விளங்குகிறது.

நண்பனுடைய முகவரியைப் போடாதீர்கள். அவன் கடையை மாற்றினால், அல்லது இரண்டு பேருக்கும் ஒரு மனஸ்தாபம் வந்தால், உங்கள் கார்ட் முழுவதும் பொய்யாகிவிடும். வயரிங் செய்பவரைத் தேடி யாரும் வீட்டுக்கு வரப்போவதில்லை, அழைப்பார்கள். ஆகவே கார்டில் பெரிதாக இருக்க வேண்டியது உங்கள் பெயர், என்ன வேலை, கைப்பேசி இலக்கம். அதற்குக் கீழே தோட்டத்தின் பெயர், டிவிஷன், தபால் டவுன். கடைசியில் எந்தெந்த ஊர்வரை வந்து வேலை செய்வீர்கள் என்று ஒரு வரி: பொகவந்தலாவை, நோர்வூட், டிக்கோயா, அட்டன். அந்த வரியைப் பார்த்துத்தான் அழைப்பார்கள். பயிற்சிச் சான்றிதழ் இருந்தால் அதையும் போடுங்கள், அது உங்கள் உழைப்பு.

தோட்டப் பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு மாதிரி எழுதுவார்கள். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதியும்போது படிவத்தில் எந்த எழுத்துக்கூட்டல் இருக்கிறதோ, கார்டிலும் பில்லிலும் வங்கியிலும் அதே இருக்கட்டும். பதிவு முடியும் முன் கார்ட் அடிக்க அவசரப்பட வேண்டாம், கேட்ட பெயர் கிடைக்காமல் போகலாம்.

இலக்கம் எழுதும் முறையிலும் ஒரு பிழை அடிக்கடி வருகிறது. +94 போட்டால் அடுத்து வரும் பூச்சியத்தை எடுத்துவிட வேண்டும். அட்டன் லைன் இலக்கம் 051 என்று தொடங்கும், +94 போட்டால் 51 தான். ‘+94 051’ என்று அடித்துவிட்டு, வெளிநாட்டிலிருந்து யாரும் அழைப்பதில்லை என்று இருப்பவர்கள் உண்டு.

பிறகு, கார்டைச் சுற்றி மெல்லிய கட்டம் போடச் சொல்லாதீர்கள். கட்டாகத்தான் வெட்டுகிறோம், அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே ஒரு பக்கக் கோடு தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் தெரியும். பின்னணி நிறம் இருந்தால் நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் வெளியே நீட்டிச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஓரத்தில் வெள்ளைக் கீற்று விழும். எழுத்தை ஓரத்திலிருந்து குறைந்தது 4 மில்லிமீட்டர் உள்ளே வையுங்கள். மட்டை 300 ஜிஎஸ்எம்முக்குக் குறைய வேண்டாம், வயரிங் வேலைக்காரரின் சட்டைப்பையில் மெல்லிய கார்ட் ஒரு நாளில் நொய்ந்துவிடும். பின்பக்கத்தை லெமினேட் செய்யாமல் விடுங்கள், வேலை நடக்கும் இடத்தில் கணக்கு எழுதிக் கொடுக்க உதவும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் லெமினேட் செய்த கார்ட் நம் ஊர் ஈரத்தில் வளையும். ஆகையால் முன்பக்கமும் லெமினேட் வேண்டாம், மட்டையாகவே இருக்கட்டும்.

கேள்வி: 200 கார்ட் போதும் என்றால் 1,000 அடிக்கச் சொல்கிறார்கள், விலையில் பெரிய வித்தியாசம் இல்லையாம். உண்மையா? (தலவாக்கலை)

ஓப்செட்டில் உண்மை. பிளேட் செய்து மெஷினில் ஏற்றுவதுதான் செலவு, அதற்குப் பிறகு கூடும் ஒவ்வொரு நூறுக்கும் பெரும்பாலும் கடதாசியும் மையும்தான். ஆனால் 200க்கு டிஜிட்டலில் பிளேட்டே தேவையில்லை, அதற்குத் தனியாக விலை கேளுங்கள். புதுக் கடைக்காரருக்கு நான் 200தான் சொல்வேன். முதல் வருடத்தில் இலக்கமோ இடமோ மாறாத கடை குறைவு. விலை கேட்கும்போது டிசைன், வெட்டு, லெமினேட், அட்டனிலிருந்து உங்கள் ஊருக்கு அனுப்பும் கூலி எல்லாம் சேர்த்தா என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். அந்த விலை எத்தனை நாளைக்கு என்றும் கேளுங்கள். 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளையே தள்ளிவைத்தார்கள். அந்த நாட்களில் காலையில் சொன்ன விலையை மாலையில் எங்களால் காப்பாற்ற முடியவில்லை.

கேள்வி: நல்லதண்ணியில் சிவனொளிபாதமலை சீசனுக்குக் கடை போடுகிறோம். கடையின் பெயர் போட்ட கடதாசிப் பை எப்போது ஓடர் கொடுக்க வேண்டும்?

சீசன் டிசம்பர் போயாவில் (பௌர்ணமியில்) தொடங்குகிறது. அதே நேரத்தில்தான் எல்லா அச்சகத்திலும் காலண்டரும் டயறியும் மலையாகக் குவிந்திருக்கும். ஒக்டோபரில் கொடுங்கள், நவம்பர் நடுவில் கையில் வந்துவிடும். மே வெசாக் வரை தேவையானதை ஒரேயடியாக அடிக்காமல் பாதி அடியுங்கள். மிச்சத்துக்கு அதே கோப்பு பிரஸ்ஸில் இருக்கும், அதன் பிரதி ஒன்றை நீங்களும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வந்த பைக்கட்டைப் பொலித்தீன் பிரிக்காமல், சுவரிலும் சிமெந்துத் தரையிலும் படாமல், பலகை போட்டு உயரத்தில் வையுங்கள். நல்லதண்ணி மூட்டத்தில் பிரித்து வைத்த கடதாசி ஒரு கிழமையில் ஈரம் குடித்துக் கைப்பிடி ஒட்டிய இடம் விட்டுவரும். வாங்கும்போது மேல்கட்டை மட்டும் பார்க்காமல் அடிக்கட்டிலிருந்து பத்துப் பை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ சீனி வைத்துத் தூக்கிப் பாருங்கள்.